பட்டறையில் வைக்க முடியாத சரக்கு

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் என் தாய்மாமாவுக்கு மூன்று ஏக்கர் காடு. கிணற்றுப் பாசனம், சின்ன வெங்காயம். வீட்டை ஒட்டிய களத்தில் ஒரு வெங்காயப் பட்டறை உண்டு. பட்டறை என்றதும் வெளியூர்க்காரர்கள் இரும்படிக்கும் இடத்தை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. செங்கல்லை அடுக்கி, அதன்மேல் மூங்கிலைப் பரப்பி, நான்கு பக்கமும் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த நீளமான கூண்டு. அடியிலும் பக்கத்திலும் காற்று ஓட வேண்டும். சாரல் புகக் கூடாது. அப்படி வைத்தால் வெங்காயம் மூன்று நான்கு மாதம் நிற்கும். நடுவில் இரண்டொரு முறை கையை விட்டுக் கிளறி அழுகலைப் பொறுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாசி மாதம் அங்கே இருந்தேன். பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. வியாபாரி போனில் கேட்ட விலைக்கு மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “கெடக்கட்டும், சித்திரையில பாத்துக்கலாம்” என்று போனை வைத்தார். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கூட்டத்தில் மூத்தவரான ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, மாமாகிட்டச் சொல்லி இன்னைக்கே கணக்க முடிச்சிடச் சொல்லுங்க. நாளைக்குன்னா கடைக்காரன் குடுக்க மாட்டான்” என்றார்.

ஒரே களம். ஒருவர் சித்திரை வரைக்கும் பொறுப்பேன் என்கிறார். இன்னொருவரால் விடிகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேர் கையிலும் விற்பதற்குச் சரக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அம்மாவின் சரக்கு பொழுது சாய்ந்தால் போயிற்று. நேற்று விற்காமல் விட்ட ஒரு நாள் உழைப்பை இன்றைய உழைப்போடு சேர்த்து இரண்டாக விற்க வழியில்லை. உழைப்புக்குப் பட்டறை கிடையாது.

இதைப் பற்றி யோசித்தபோது நம் மொழியிலேயே ஒரு வர்க்கக் கோட்பாடு ஒளிந்திருப்பது தெரிந்தது: அன்றாடங்காய்ச்சி. அன்றன்றைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர். சொத்து எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை. எத்தனை நாள் தாங்குவாய் என்று மட்டும் கேட்கிறது.

கல்லூரியில் நாங்கள் படித்த சமூகவியல் பாடநூலில் ஒரு அட்டவணை இருந்தது. மார்க்ஸ், வெபர், டர்க்ஹைம் என்று மூன்று பத்தி. உற்பத்திச் சாதனம், அந்தஸ்து, ஒருமைப்பாடு என்று ஆளுக்கொரு சொல். வேறுபடுத்துக, பத்து மதிப்பெண். அந்த அட்டவணையை மனப்பாடம் செய்து தேறியவர்களில் நானும் ஒருவன். பிறகு மூலங்களைத் தேடிப் படித்தபோதுதான், இந்த மூவரும் ஓர் இடத்தில் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது. அந்த இடம் செட்டிகுளத்துக் களம்தான்.

முதலில் சொன்னவர் மூவரில் ஒருவரும் இல்லை. 1776இல் வெளிவந்த தன் நூலில் ஆடம் ஸ்மித், கூலித் தகராறில் முதலாளி ஏன் ஜெயிக்கிறார் என்பதற்குச் சுற்றிவளைக்காத காரணம் ஒன்றைத் தருகிறார். நிலவுடைமையாளரும் வியாபாரியும் கையிருப்பை வைத்து ஓரிரு வருடம்கூட ஓட்டிவிடலாம்; தொழிலாளிகளில் பலர் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள். மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். உழைப்புச் சக்தி ஒரு சரக்கு. ஆனால் விற்கப்படாவிட்டால் அதை வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 1893இல் டர்க்ஹைம் வேலைப் பிரிவினை பற்றிய நூலின் கடைசிப் பகுதியில் கிட்டத்தட்ட இதையே எழுதுகிறார்: பிழைப்புக்காக எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஒரு சாரார், தம்மிடம் இருப்பதை வைத்துப் பொறுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இன்னொரு சாரார் என்றால், அவர்களுக்குள் நடக்கும் ஒப்பந்தம் நியாயமான ஒப்பந்தமாகாது. பிறப்பிலேயே பணக்காரர், ஏழை என்று இருக்கும்வரை இது தீராது என்றும் அவர் சொல்கிறார். டர்க்ஹைமைச் சமூகம் ஒட்டிக்கொண்டிருக்கப் பசை தேடியவர் என்று மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள் எங்களுக்கு. அந்தப் பக்கங்களைப் படித்தபோது யாரோ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றே தோன்றியது.

வெபரும் விலகவில்லை. அவர் 1920இல் இறந்த பிறகு தொகுக்கப்பட்ட எழுத்துகளில் வர்க்கம் என்பதைச் சந்தையில் ஒருவர் நிற்கும் நிலை என்கிறார். விற்றே தீர வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்குத்தான் லாபமான பேரங்கள் போய்ச் சேருகின்றன என்பது அவர் வாதம். மாமா போனை வைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடையாது.

ஆனால் மாமாவை முதலாளி என்று எழுதினால் அவரே சிரிப்பார். விதை வெங்காயம் வாங்கியது அத்தையின் நகையை அடகு வைத்து. பட்டறையில் வெங்காயம் தூங்கும்போது வட்டி தூங்குவதில்லை. ஒரு வருடம் கோடைமழை முந்திக்கொண்டு கொட்டியது. கீற்று ஒழுகி, பட்டறை ஓரமெல்லாம் முளைவிட்டு, மிச்சம் அழுகி நாற்றமெடுத்தது. விலையும் விழுந்து கிடந்தது. இரண்டு டிராக்டர் வெங்காயத்தை ஓடைக்கரையில் கொட்டினோம். அந்த மாசியில் தாள் அரிந்த பெண்கள் அன்றைய கூலியை அன்றே வாங்கிப் போயிருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்தான் தோற்றார். 1852இல் பிரெஞ்சுச் சிறு விவசாயிகளைப் பற்றி எழுதிய மார்க்ஸ், அவர்களை மூட்டைக்குள் கிடக்கும் உருளைக்கிழங்குக்கு ஒப்பிட்டார்: ஒன்றாகக் கிடப்பார்கள், ஒன்றுசேர மாட்டார்கள். வெங்காய மூட்டையைப் பார்த்திருந்தால், உரித்துக்கொண்டே போனால் உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்டிருப்பார். சிறு விவசாயியை உரித்தால் ஒரு பக்கம் கூலிக்காரன், ஒரு பக்கம் கூலி கொடுப்பவன், நடுவே அடகுச் சீட்டு. வர்க்கம் என்றால் என்ன என்ற கேள்வியை மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் மார்க்ஸ் எடுத்தார். ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் கையெழுத்துப் படி நின்றுவிடுகிறது. 1894இல் அதை அச்சேற்றிய எங்கெல்ஸ், இதோடு பிரதி முறிகிறது என்று குறிப்புப் போட்டார். என் மாமாவை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல்தான் நின்றாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

இதுவரை சொன்னது ஒரு வகைக் காத்திருப்பு: காத்திருக்க முடிவது, முடியாமல்போவது. இன்னொரு வகை உண்டு. காக்க வைக்கப்படுவது. வாசலில் நிற்பது, திண்ணைக்குக் கீழே நிற்பது, ‘அப்புறம் வா’ என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது. முதலாவது பையைப் பொறுத்தது. இரண்டாவது பையைப் பொறுத்ததல்ல. வெபர் மார்க்ஸோடு பிரியும் இடம் இதுதான் என்று படுகிறது. அந்தஸ்து என்பது வர்க்கத்தின் நிழல் அல்ல, அதற்குத் தனியாகக் கையும் காலும் உண்டு என்றார் அவர்.

இதற்கு இந்த மண்ணிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. உ.வே.சாமிநாதையரின் இளமைக்காலத்தில் பெரும்பகுதி அரியலூர், குன்னம், பெரம்பலூர், செங்குணம், காரை என்று இந்த ஊர்களில்தான் கழிந்தது. தகப்பனார் சங்கீதக்காரர், கதை சொல்லி, பாடி, ஊரார் தரும் சம்மானத்தில் குடும்பம் நடத்தியவர். ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அந்த வறுமை தெரியும். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி ஊர் ஊராகக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறார். போன இடத்திலெல்லாம் தங்க வீடும் சமைக்க அரிசியும் கிடைக்கின்றன. செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பாடம் கேட்கிறார் பையன். மார்க்ஸின் கணக்குப்படி அந்தக் குடும்பம் ஒன்றுமில்லாத குடும்பம். ஆனாலும் அவர்களால் காத்திருக்க முடிந்தது. நல்ல ஆசிரியர் கிடைக்கும்வரை, 1871வாக்கில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும்வரை, பொறுக்க முடிந்தது. பையில் இல்லாததைப் பிறப்பும் வித்தையும் சேர்ந்து கொடுத்தன. அதே குன்னத்தில் அதே அளவு காலிப் பானையோடு சேரியில் ஒரு குடும்பம் இருந்திருக்கும். அதற்கு எந்த ஊர் அரிசி அளந்திருக்கும்? அந்தப் பையனுக்கு யார் யாப்பு சொல்லிக்கொடுத்திருப்பார்? ஐயரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் தேடித் தராவிட்டால் நமக்குப் பாதி இலக்கியம் இல்லை. ஆனால் அந்தஸ்து என்பது வெறும் மரியாதைச் சமாச்சாரம் அல்ல, அதுவும் ஒரு பட்டறைதான் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சை. ஆந்த்ரே பெத்தேய் அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூலை வெளியிட்டார். மூன்றும் ஒரு காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன, இப்போது பிரிந்து தனித்தனியே நகர்கின்றன என்பது அவர் கண்டது. வெபரின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த காவிரிக்கரை அது. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. மிராசுகள் குறைவு, சிறு பட்டாக்காரர்கள் அதிகம். யார் மேலே யார் கீழே என்பது இங்கே ஏக்கர் கணக்கில் முடிவதில்லை. ஒரு முந்திரித் தோப்பு அகலத்தில் முடிகிறது.

பொன்பரப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். செந்துறைப் பக்கம், சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சேரும் ஊர். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். அங்கே வேட்பாளராக நின்ற தொல்.திருமாவளவனின் சின்னம் பானை. அவரும் இதே செந்துறை வட்டாரத்து அங்கனூர்க்காரர். அன்று தலித் மக்களின் குடியிருப்பில் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். ஓடுகள், கதவுகள், வண்டிகள். தேர்தலில் அவர் 3,219 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது பிறகு நடந்தது.

அடித்தவர்கள் யார், அடிபட்டவர்கள் யார் என்று மார்க்ஸைக் கேட்டால் அவர் திணறுவார். இரண்டு பக்கமும் முந்திரி பொறுக்குகிறார்கள், இரண்டு பக்கமும் கூலிக்குப் போகிறார்கள், இரண்டு பக்கமும் நூறு நாள் வேலையில் ஒரே ஏரியை வெட்டுகிறார்கள். நடுவில் நிற்பது உற்பத்திச் சாதனம் அல்ல. இங்கேதான் அம்பேத்கர் வேண்டியிருக்கிறார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே சாதியை மூடிக்கொண்ட வர்க்கம் என்று அவர் சொல்லிவிட்டார். 1936இல் இன்னும் கடுமையாக: சாதி வேலைகளைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்தது. அதையும் பக்கம் பக்கமாகப் பிரிக்காமல் படிப்படியாக அடுக்கியது. ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் காலுக்குக் கீழே ஒரு படி தெரிகிறது. மேலே இருப்பவன் தன்னைக் காக்க வைக்கும் அவமானத்தை, கீழே இருப்பவனைக் காக்க வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். கூலி உயர்ந்தாலும் இந்த ஆறுதல் குறையக் கூடாது என்பதில்தான் பாதிக் கலவரங்கள் கிளம்புகின்றன.

இதே பொன்பரப்பியில் இந்தக் கேள்வி வேறு விதமாகவும் ஒருமுறை வந்து போயிருக்கிறது. மார்க்சிய லெனினியம் பேசிய தமிழரசன் இந்த வட்டாரத்துக்காரர். 1980களின் நடுவில் மீன்சுருட்டியில் அவரும் தோழர்களும் முன்வைத்த அறிக்கை, வர்க்கப் போராட்டம் நடந்தால் சாதி தானே உதிரும் என்ற கட்சி நம்பிக்கையை ஏற்கவில்லை. சாதி ஒழிப்பைத் தனி வேலையாக முன்னே வைத்தது. மருதையாற்றுப் பாலத்தில் வெடி வைத்து ரயிலில் வந்த அப்பாவிகள் செத்த கதையும் அந்த இயக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. அதை மறந்துவிட்டு அறிக்கையை மட்டும் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்கு வந்த இடத்தில், யாருடைய விடுதலையைப் பேசினாரோ அந்த எளிய ஜனங்கள் நிறைந்த கூட்டத்தின் கையாலேயே அவரும் தோழர்களும் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

காக்க வைப்பதில் அரசாங்கத்தை மிஞ்ச ஆளில்லை. ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய கிராமங்களில் 1990களில் பழுப்பு நிலக்கரிக்கும் மின்நிலையத்துக்கும் என்று நிலம் எடுத்தார்கள். கரியும் வரவில்லை, கரண்டும் வரவில்லை. பட்டா கைவிட்டுப் போனவர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். உழுதது தம் நிலத்தைத்தான். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஒரு தலைமுறை கழித்து நிலத்தைத் திருப்பித் தருவதாக அறிவிப்பு வந்தது. இவர்கள் சொத்துள்ளவர்களா, இல்லாதவர்களா? மூன்று பத்தி அட்டவணையில் இதற்கு இடமில்லை.

வெபரின் இன்னொரு வேலை எனக்கு இந்த ஊர்களுக்காகவே செய்தது போலத் தோன்றும். 1892இல், இருபத்தெட்டு வயதில், எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பெரும் பண்ணைகளின் விவசாயக் கூலிகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். கூலிகள் பண்ணையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பண்ணையார்கள் போலந்துக்காரர்களைப் பருவத்துக்கு மட்டும் கூட்டிவந்தார்கள். ஜெர்மன் கூலி ஏன் போகிறான்? நகரத்தில் பிழைப்பு இன்னும் நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் அல்ல, எஜமானின் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவும்தான் என்று கண்டார். அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டால் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: “அங்க என்ன ஆளுன்னு யாரும் கேக்க மாட்டான்.” கேட்காமலும் இல்லை, வாடகைக்கு வீடு பிடிக்கும்போது கேட்கிறார்கள். ஆனாலும் பஸ் ஏறுகிறார்கள். இங்கே நாற்று நட வடநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அனிதாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. செந்துறைக்குப் பக்கத்துக் குழுமூர். தகப்பனார் திருச்சியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176. பழைய முறைப்படி கட்-ஆஃப் 196.75, மருத்துவ இடம் நிச்சயம். அந்த ஆண்டு அதற்குப் பதில் நீட் நுழைவுத் தேர்வு. 2017 செப்டம்பர் 1 அன்று அந்தப் பெண் உயிரை விட்டாள். வாழ்க்கை வாய்ப்பு என்று வெபர் சொன்னதை வகுப்பில் சொல்லித்தர நான் வேறு எடுத்துக்காட்டு தேடியதில்லை. நீட்டில் தேறும் பிள்ளைகளில் பலர் ஒருமுறை எழுதி, விட்டு, ஒரு வருடம் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து, மறுபடி எழுதுகிறவர்கள். ரிப்பீட்டர் என்று பெயர். அந்த ஒரு வருடத்துக்கு என்ன விலை? சித்திரை வரைக்கும் வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைக்கிற மாதிரி ஒரு பிள்ளையை ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய குடும்பங்கள் உண்டு. இப்போது அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக மாமாவிடம் போனது போன வருடம். காலம் மாறியிருந்தது. ரேஷனில் 2011லிருந்து அரிசிக்குக் காசில்லை. நூறு நாள் வேலை இருந்தது; அதைத் திட்டாத வெங்காய விவசாயி எங்கள் பக்கத்தில் கிடையாது, மாமா உட்பட. ஏன் திட்டுகிறார்கள் என்று ஸ்மித்துக்குச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அன்றாடங்காய்ச்சியின் வீட்டுக்குள் சின்னதாய் ஒரு பட்டறை வந்துவிட்டது. கேட்ட கூலி கிடைக்காவிட்டால் இரண்டு நாள் பொறுக்கலாம். “நாளைக்கு வேற காட்டுக்கு ஒத்துக்கிட்டோம், நாளக்கழிச்சி பாக்கலாம்” என்று போனில் சொல்லலாம்.

விடியற்காலை ஆறு மணிக்கு மாமா என்னைப் பின்னால் உட்காரவைத்து எக்ஸெல் வண்டியில் காலனி முனைக்குப் போனார். தாள் அரிய ஆள் கூட்ட வேண்டும். போன் எடுக்காததால் நேரே வந்திருக்கிறோம். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம். பழைய அந்த அம்மாவின் மருமகள் தலையை முடிந்துகொண்டே வந்தாள். மாமியாரின் மாமியார் காலத்தில் எங்கள் வீட்டு ஆண்களை ‘ஆண்டை’ என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். மாமியார் என்னைத் தம்பி என்றார். இவள் “சார்” என்றாள். இன்னும் நாலு பேர் கிளம்ப வேண்டும், கொஞ்சம் இருங்கள் என்றாள். பிறகு உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பத்தாம்மா குடிச்சிட்டு வந்தேன்” என்றார்.

வீட்டில் அன்று பால் வரவில்லை. கிளம்பும்போது அத்தை அதற்காகத்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.